பெயர் வெட்டாத பாத்திரம்: நான்ஸ்டிக்கும் எவர்சில்வரும் நம் அடுப்பில்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பாத்திரக் கடைக்குப் போய் ஓர் எவர்சில்வர் குண்டான் வாங்கினால், பணம் கொடுத்து முடிப்பதற்குள் "பேர் என்ன போடணுங்க?" என்ற கேள்வி வந்துவிடும். சீர்வரிசைக்கு வாங்கியதென்றால் மணப்பெண்ணின் பெயர், அன்பளிப்பு என்றால் கொடுப்பவரின் பெயரும் ஊரும் தேதியும், ஊசிமுனை போன்ற சிறு மின்கருவியால் புள்ளி புள்ளியாகப் பாத்திரத்தின் கழுத்தில் ஏறும். அதே கடையில் நான்ஸ்டிக் தவா வாங்குபவரிடம் இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. பெயர் வெட்டினால் பூச்சு பெயர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். பெயர் வெட்டி வைக்கும் அளவுக்கு அது அந்த வீட்டில் நெடுநாள் இருக்கப்போவதில்லை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சொல்லாமலே தெரிந்திருப்பது இன்னொரு காரணம்.

வீட்டுக்குள் நடக்கும் விவாதம் பெரும்பாலும் வேறு தளத்தில் நடக்கிறது. நான்ஸ்டிக் உடலுக்குக் கெடுதல் என்று மாமியார் சொல்வார். எவர்சில்வரில் எல்லாமே அடிப்பிடிக்கிறது, எண்ணெய் அதிகம் இழுக்கிறது என்று மருமகள் சொல்வார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதி எந்தச் சமையலை எந்தச் சூட்டில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. எது நல்ல பாத்திரம் என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்த மாவட்டங்களின் அன்றாடச் சமையல் அடுப்பிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் விடை எளிதாகக் கிடைக்கும் என்பதே என் எண்ணம்.

முதலில் எவர்சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த கலவை உலோகம் இது. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாக மேற்பரப்பில் படிகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க உலோகம் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி 1913-இல் இந்த வகை எஃகை உருவாக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. நம் பக்கத்துச் சேலத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் தமிழ்நாட்டுப் பாத்திரத் தொழிலுக்கு அந்நியமானவை அல்ல.

இந்தப் படலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கம்பி நாரால் தேய்த்தாலும், கரண்டியால் சுரண்டினாலும், பெயரே வெட்டினாலும், கீறப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டவுடன் புதிய படலம் தானாகவே உருவாகிவிடுகிறது. நான்ஸ்டிக் பாத்திரத்தின் மேலுள்ளதும் பூச்சுதான்; ஆனால் அது ஒருமுறை கீறினால் கீறியதுதான். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளில் பாதி இந்த ஒரு பண்பிலேயே அடங்கிவிடுகிறது.

எவர்சில்வரின் பெரிய குறை வெப்பத்தைக் கடத்துவதில் அது காட்டும் சோம்பல். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். செம்பு அலுமினியத்தையும் மிஞ்சும். அதனால் மெல்லிய எவர்சில்வர் சட்டியை எரிவாயு அடுப்பில் வைத்தால், சுவாலை படும் வளையம் மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடேறி, அதைச் சுற்றியுள்ள பகுதி பின்தங்கிவிடுகிறது. பருப்புக் கடைசலோ பாலோ அந்த வளையத்தின் வடிவிலேயே அடிப்பிடித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். எடை குறைவாக இருந்தால் விலை குறையும் என்று மெல்லிய பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழியை எவர்சில்வர் மேல் போடுவது நியாயமில்லை. அடிப்பாகத்தில் செம்போ அலுமினியமோ ஒட்டிய பாத்திரங்களும், இரு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவில் அலுமினியத் தகடு முழுவதும் ஓடும் ட்ரைப்ளை எனப்படும் மூவடுக்குப் பாத்திரங்களும் இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தவை. இவ்விரண்டில் ட்ரைப்ளை மேலானது, ஏனென்றால் அதில் சூடு அடியில் மட்டும் நில்லாமல் பக்கச் சுவர்களிலும் சீராக ஏறுகிறது.

களியை எடுத்துக்கொள்வோம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் இரு மாவட்டங்களையும் ஒரே அடுப்பில் சேர்த்து வைத்திருப்பது கேழ்வரகுக் களிதான். நொய்யை வேகவைத்து, அதன்மேல் மாவைக் கொட்டி, வெந்தபின் துடுப்பால் கிண்டும்போது, பாத்திரத்தை இரண்டு கோல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழு உடல் வலுவையும் துடுப்பின் மேல் இறக்க வேண்டியிருக்கிறது. எந்த நான்ஸ்டிக் பூச்சும் இந்த வேலையை நெடுநாள் தாங்காது. கைப்பிடியின் திருகாணிகூடத் தாங்காது. நம் சமையலறைக் கருவிகளே சுரண்டுவதற்கும் இடிப்பதற்கும் கடைவதற்கும் பிறந்தவை. கீரையைக் கடையும் மத்து, அடியில் ஒட்டியதை எடுக்கும் தோசைத் திருப்பி, சட்டியின் விளிம்பில் தட்டி உதறும் கரண்டி ஆகிய எதுவும் பூச்சுப் பாத்திரத்தை மனத்தில் வைத்து உருவானதல்ல. களிக்குத் தொட்டுக்கொள்ளும் கொள்ளுக் குழம்பு, பிதுக்குப் பருப்புக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு எல்லாம் தண்ணீரில் கொதிப்பவை. தண்ணீர் இருக்கும் வரை குழம்பின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், அதுவரை பெரிதாக எதுவும் ஒட்டப்போவதும் இல்லை. இந்த வேலைகளுக்கு கனமான எவர்சில்வரோ, மண்சட்டியோ, குக்கரோ போதும். குக்கரும் சமையல் பாத்திரங்களும் செய்து நாடெங்கும் விற்கும் டிடிகே பிரஸ்டீஜ் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில் இருப்பதால், பருப்பு வேகும் விசில் சத்தத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு தனிப் பங்கு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் நான்ஸ்டிக்குக்கு இங்கே என்ன வேலை? முட்டை, மீன், அடை, மாவு அதிகமாகக் கலந்த பணியாரம் போன்றவற்றில் அதன் பயன் உண்மையானது. முட்டையிலும் மீனிலும் உள்ள புரதம் சூடான உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. ஒட்டுவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. நான்ஸ்டிக் பூச்சாக இருக்கும் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன், சுருக்கமாகப் பிடிஎஃப்இ, கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்திய ஒரு பொருள். அந்தப் போர்வை வேறெந்தப் பொருளையும் பற்றவிடாது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1938 ஏப்ரல் 6-ஆம் நாள், வாயு இருக்க வேண்டிய உருளையில் வெள்ளைப் பொடி படிந்திருந்ததைக் கண்டார். பின்னர் டெஃப்லான் என்ற வணிகப் பெயர் பெற்ற அது முதலில் தொழிற்சாலைகளுக்கும் போர்க்காலத் தேவைகளுக்கும் போனது. எதுவும் ஒட்டாத பொருளைப் பாத்திரத்தில் ஒட்டவைப்பது எப்படி என்ற சிக்கலை 1954-இல் பிரான்ஸின் மார்க் கிரெகுவார் தீர்த்தபோதுதான் அது சமையலறைக்குள் வந்தது. பெரும்பாலான நான்ஸ்டிக் பாத்திரங்களின் உடல் அலுமினியம் என்பதால், சூடு சீராகப் பரவும் நன்மையும் கூடவே கிடைக்கிறது. பலர் பூச்சின் பெருமையென்று நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் அலுமினியத்தின் பெருமை.

சிக்கல் சூட்டில்தான் தொடங்குகிறது. பிடிஎஃப்இ ஏறத்தாழ 327 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே, 260 டிகிரியைத் தாண்டியதும் தரம் கெடத் தொடங்கும். 350 டிகிரிக்கு மேல் தெளிவாகவே சிதைந்து நச்சுப் புகையை வெளியிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குக் குளிர், காய்ச்சல், உடல்வலி என்று சளிக்காய்ச்சல் போன்ற தொல்லை வந்து ஓரிரு நாட்களில் அடங்குவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. பறவைகளின் நுரையீரல் இதைத் தாங்காது. கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் சமையலறைக்கு அருகில் அதை மாட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 170 டிகிரிக்கு மேல் நான்ஸ்டிக் பாத்திரத்தைச் சூடேற்றுவதையே ஆபத்துக்குரியதாகக் குறிப்பிட்டது. உற்பத்தியாளர்கள் சொல்லும் 260-க்கும் இந்த 170-க்கும் இடைவெளி பெரிது. வீட்டு அடுப்பில் யாரும் வெப்பமானியை நட்டுவைத்துச் சமைப்பதில்லை என்பதை நினைத்தால், எச்சரிக்கை கூடுதலாக இருக்கும் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வதில் இழப்பு ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது.

இங்கேதான் நான்ஸ்டிக்கின் முரண்பாடு வெளிப்படுகிறது. தண்ணீர் கொதிக்கும் குழம்பிலும் உப்புமாவிலும் அது முழுப் பாதுகாப்போடு இருக்கிறது. ஆனால் அங்கே அதன் தேவை குறைவு. தண்ணீரில்லாத வறுவலிலும் தாளிப்பிலும் ஒட்டாத பரப்பு வேண்டும் என்று கை நீள்கிறது. ஆனால் அங்கேதான் சூடு அதன் எல்லையை நெருங்குகிறது. தாளிப்பு நம் சமையலில் முதல் வேலையோ கடைசி வேலையோ ஆக இருக்கும். வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போய் வருவது நமக்குப் பழக்கம். பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்த வெற்று அலுமினியத் தவா சில நிமிடங்களிலேயே 260 டிகிரியைத் தாண்டிவிடும். எண்ணெய் ஊற்றியிருந்தால் அதுவே ஒரு வெப்பமானியாக வேலை செய்யும், ஏனென்றால் கடலை எண்ணெய், செக்கில் ஆட்டியதா சுத்திகரித்ததா என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 160 முதல் 230 டிகிரிக்குள் புகையத் தொடங்கி நம்மை எச்சரிக்கும். வெற்றுத் தவா எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. மூக்கு அறியும்போது காலம் கடந்திருக்கும்.

இது தமிழ் வீடுகளுக்குப் புதிய பாடமும் இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் கைத்துவிடும் என்பதால் உட்புறம் ஈயம் பூசி வைத்தார்கள். தெருவில் "ஈயம் பூசலையோ" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருபவரிடம் ஆண்டுக்கொருமுறை பூச்சைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அந்த ஈயம் உண்மையில் வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் பூச்சுப் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றக்கூடாது என்பதும், தஞ்சைப் பக்கத்து வீடுகளில் ஈயச் சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பதும் மருமகளாக வரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்பட்டது. நான்ஸ்டிக் தவா கேட்பதும் அதே ஒழுக்கத்தைத்தான்: முதலில் எண்ணெயோ மாவோ உள்ளே போக வேண்டும், பிறகு தீ, அதுவும் நடுத்தரத் தீ. பித்தளைக்கு ஈயம் பூச ஆள் வந்தார். தேய்ந்த தவாவுக்குப் பூச்சு போட்டுத்தரத் தெருவில் எவரும் வருவதில்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

கீறல் விழுந்த தவாவிலிருந்து பெயர்ந்த செதில் உணவோடு வயிற்றுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று அஞ்சுபவர்கள் பலர். பிடிஎஃப்இ உடலில் கரைவதோ செரிப்பதோ இல்லை. போன வழியே வெளியேறிவிடும். அச்சத்துக்கு வலுவான காரணம் பூச்சு அல்ல, பூச்சைத் தயாரிக்கும்போது தொழிற்சாலைகள் பயன்படுத்திய பிஎஃப்ஓஏ என்ற துணைப்பொருள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் அருகே இருந்த டூபான்ட் ஆலையிலிருந்து இந்தப் பொருள் சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது. அப்பகுதியில் ஏறத்தாழ 69,000 பேரின் உடல்நலத் தகவல்கள் திரட்டப்பட்டு, 2012-இல் அறிவியலாளர் குழு, சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பிருக்க வாய்ப்புள்ளதாக முடிவுசெய்தது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-இல் எட்டுப் பெரிய நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 2015-க்குள் பிஎஃப்ஓஏ கைவிடப்பட்டது. 2019-இல், சூழலில் நெடுநாள் அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் வைத்தது. கடையில் இன்று விற்கும் தவாவின் அட்டைப்பெட்டியில் "பிஎஃப்ஓஏ இல்லாதது" என்று எழுதியிருப்பதன் பொருள் இந்தத் துணைப்பொருள் இல்லை என்பது மட்டுமே. பூச்சு பிடிஎஃப்இ-யாகவே இருக்கலாம், வெப்ப எல்லையும் அதே எல்லைதான். அதன் இடத்துக்கு வந்த மாற்றுப் பொருள்கள் மீதும் கேள்விகள் தொடர்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இந்த ஃபுளோரின் குடும்பப் பொருள்கள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட சமையல் பாத்திரங்களின் விற்பனையை 2025 தொடக்கத்திலிருந்தே தடைசெய்துவிட்டது.

ஃபுளோரின் என்ற சொல் நம் மாவட்டங்களில் வேறொரு அச்சத்தையும் கிளப்பும். நிலத்தடிப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறையும், முற்றிய நிலையில் எலும்பில் வளைவும் கண்ட ஊர்கள் இங்கே பல. அதற்காகவே ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. தவாவிலும் ஃபுளோரின், கிணற்றிலும் ஃபுளோரின் என்றால் இரண்டும் சேர்ந்து பல்லைக் கெடுக்குமோ என்று ஒருவர் கேட்டால் அது அறிவற்ற கேள்வி ஆகாது. ஆனால் இரண்டும் வேறு. பல்லைக் கறைப்படுத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு அயனி. பூச்சிலுள்ள ஃபுளோரின் கார்பனோடு மிக உறுதியாகப் பிணைந்திருப்பது. அன்றாடச் சமையல் சூட்டில் அந்தப் பிணைப்பு எளிதில் அறுபடாது. நம் பக்கம் கவலைப்பட வேண்டியது பாத்திரத்தைவிட அதில் ஊற்றும் தண்ணீரைத்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. இதற்கு மேலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போகாது, இரண்டு லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டவைத்தால் அதன் செறிவு இரண்டு மடங்காகும். எவர்சில்வர் அண்டாவோ நான்ஸ்டிக் சட்டியோ இதை மாற்றப்போவதில்லை.

எவர்சில்வரும் குற்றமே இல்லாத பாத்திரம் அல்ல. பாலக்கோட்டுச் சந்தையிலும் இராயக்கோட்டைச் சந்தையிலும் தக்காளி விலை சரியும் நாட்களில் வீட்டுக்கு வீடு தொக்கு கிண்டுவார்கள். புளிப்பான பண்டம் நெடுநேரம் கொதிக்கும்போது எவர்சில்வரிலிருந்து நிக்கலும் குரோமியமும் சிறிதளவு உணவில் இறங்கும். அமெரிக்காவில் தக்காளிக் குழம்பை எவர்சில்வரோடு மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. புதிய உலோகத்தில் முதல் சில சமையல்களில் இந்த இறக்கம் அதிகமாகவும், திரும்பத் திரும்பச் சமைக்கச் சமைக்கக் குறைந்து ஒரு நிலைக்கு வந்து நிற்பதாகவும் அதில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு இந்த அளவு பொருட்டல்ல. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கக்கூடும். அவர்கள் மட்டும் தொக்கையும் புளிக்காய்ச்சலையும் மண்சட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. புது எவர்சில்வர் கடாயில் முதல் வாரத்திலேயே தொக்கு கிண்டாமல் சாதாரணக் குழம்புகளில் பழக்கிய பிறகு செய்தால் எல்லோருக்குமே மேல். ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் போட்டுவைப்பது கூடவே கூடாது, ஏனென்றால் உப்பிலுள்ள குளோரைடு அந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடியில் கிடக்கவிடுவதும் இதே குழியைத்தான் உண்டாக்கும். தண்ணீர் கொதித்தபின் போட்டுக் கலக்கிவிட்டால் தீர்ந்தது.

வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டினால் மட்டமான சில்வர் என்று ஒரு நம்பிக்கை கடைத்தெருவில் பரவலாக இருக்கிறது. சமையல் பாத்திரத்துக்கு உகந்ததென்று மதிக்கப்படும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. விலையும் துரு எதிர்ப்பும் அதில் குறைவு. நிக்கலே இல்லாத 430 ரகத்தில் நன்றாக ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்ய வேண்டுமென்றால் அடிப்பாகத்தில் அப்படிப்பட்ட எஃகு இருந்தே ஆக வேண்டும். ஆகக் காந்தச் சோதனை நல்ல 304-ஐயும் மலிவான 202-ஐயும் பிரித்துக் காட்டாது, இண்டக்‌ஷனுக்கு ஏற்ற நல்ல பாத்திரத்தைத்தான் வீணாக ஒதுக்கும். அடியில் ரகம் பொறித்திருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள சோதனை. 2024 மார்ச்சில் மத்திய அரசு பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணை எவர்சில்வர் பாத்திரங்களை ஐஎஸ் 14756 தரத்தின் கீழும், அலுமினியப் பாத்திரங்களை ஐஎஸ் 1660 தரத்தின் கீழும் கொண்டுவந்திருக்கிறது.

எவர்சில்வரில் முட்டை ஒட்டாமல் பொரிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் பழக வேண்டும். சட்டியை முதலில் காயவிட்டு ஒரு துளி தண்ணீர் விட வேண்டும். உடனே சுர்ரென்று ஆவியானால் சூடு போதாது. துளி உடையாமல் முத்துப்போல் உருண்டோடினால், அதன் அடியில் ஆவி மெத்தைபோல் நின்று அதைத் தூக்குகிறது என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்டின் பெயரால் இந்நிகழ்வு அழைக்கப்படுகிறது. அப்போது தீயைக் குறைத்து எண்ணெய் விட்டு, எண்ணெய் பரவிய பின் பண்டத்தை இட்டு, அடி சிவக்கும்வரை தொடாமல் இருந்தால் அது தானே விடுபடும். பொறுமையிழந்து முன்பே திருப்பியை நுழைப்பவருக்குத்தான் ஒட்டும். இந்தத் துளிச் சோதனையை நான்ஸ்டிக்கில் செய்து பார்க்க வேண்டாம், அது வெற்றுத் தவாவைச் சூடேற்றும் செயல். அவசரக் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆம்லெட் போடும் தாய்க்கு இத்தனை பொறுமை இருக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு சிறு நான்ஸ்டிக் தவாவுக்கு வீட்டில் இடமிருப்பது அவருக்காகத்தான்.

தோசைக்கு இரண்டுமே முதல் தேர்வு அல்ல. கேழ்வரகு தோசையும் கம்பு அடையும் பழகிய இரும்புக் கல்லில் எழும்புவதுபோல வேறெதிலும் எழும்பாது. கல் பழகுவது என்று நாம் சொல்வது, எண்ணெயின் மெல்லிய படலம் சூட்டில் இறுகி இரும்போடு ஒன்றிப்போவதைத்தான். வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கும் ஒவ்வொரு காலையிலும் அது புதுப்பிக்கப்படுகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் குறையும், மீண்டும் பழக்கினால் வரும். செராமிக் பூச்சு என்று வெள்ளை நிறத்தில் விற்கும் தவாக்களில் பிடிஎஃப்இ கிடையாது, மணலின் மூலப்பொருளான சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டவை. சூட்டைக் கூடுதலாகத் தாங்கினாலும் அவற்றின் வழுவழுப்பு பொதுவாக விரைவிலேயே குறைந்துவிடுகிறது.

பணக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, 900 ரூபாய்த் தவா அன்றாடப் பயன்பாட்டில் மூன்று ஆண்டு உழைக்கிறது, 2,700 ரூபாய் ட்ரைப்ளை கடாய் பதினெட்டு ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தவாவுக்கு ஆண்டுக்கு 300 ரூபாயும் கடாய்க்கு 150 ரூபாயும் ஆகிறது. பழைய எவர்சில்வரைப் பாத்திரக் கடையிலேயே எடைக்குப் போட்டுப் புதியது வாங்கலாம். பூச்சு போன தவாவுக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைப்பது சொற்பம். தவாவை வாங்கும்போதே அது துடைப்பம், செருப்பு போலத் தேயும் பொருள் என்று கணக்கில் எழுதிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. பூச்சு கொப்பளித்தாலோ, உரிந்து அலுமினியம் தெரிந்தாலோ, முட்டையே ஒட்டத் தொடங்கினாலோ அதை வழியனுப்பிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அதிலேயே புளிக்குழம்பு வைக்கும் சிக்கனம் கைவிட வேண்டிய சிக்கனம்.

புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், முதல் பணத்தை அடிகனமான எவர்சில்வர் கடாய்க்கும் குண்டானுக்கும் போடச் சொல்வேன். அடுத்தது இரும்புக் கல். மிஞ்சியதில் ஒரு சிறு நான்ஸ்டிக் தவாவும் அதற்கென்றே ஒரு மரத் திருப்பியும். விறகடுப்பு இன்னும் எரியும் வீடாக இருந்தால் தவாவை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அங்கே தீயை அளந்து எரிக்க வழியில்லை. தவாவின்மேல் வேறு பாத்திரத்தை அடுக்காமல் தனியே மாட்டிவைக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே குழாயடியில் காட்டினால் பூச்சும் அலுமினியமும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கிப் பிடிப்பு தளர்ந்துவிடும். எவர்சில்வருக்கு இந்த உபசாரம் எதுவும் தேவையில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரால் அதன் உள்ளே வெள்ளைப் படிவு ஏறினாலும், களி தீய்ந்து அடியில் கறுத்தாலும், குழம்புக்குக் கரைத்தபின் எஞ்சும் புளிச்சக்கையை ஒரு கை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தால், காலையில் தேங்காய் நாரே போதுமானதாக இருக்கும்.